தேனீ செய்ய வேண்டிய வேலையைக் கட்டை விரலால் செய்த 12 வயது அடிமைச் சிறுவன்: வெனிலாவின் தலையெழுத்தை மாற்றிய எட்மண்ட் அல்பியஸ் யார்?

ஐஸ்கிரீம் கடையில் என்ன ஃப்ளேவர் வேணும்னு கேட்டால், யோசிக்காமல் பலர் வாயில் வரும் முதல் பெயர் வெனிலாதான். கேக், பிஸ்கட், மில்க் ஷேக் எல்லாவற்றிலும் அந்த மணம் இருக்கு. அது ஒரு ஆர்க்கிட் பூவிலிருந்து வருகிறது என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அதைவிட ஆச்சரியமான விஷயம் ஒன்று இருக்கு. இன்று தோட்டங்களில் விளையும் வெனிலா காய்களில் கிட்டத்தட்ட எல்லாமே, ஒரு மனிதர் அந்தப் பூவைக் கையால் தொட்டதால்தான் காய்த்தவை. தேனீ செய்ய வேண்டிய வேலையை மனிதக் கை செய்கிறது. அந்த வேலையை எளிதாகச் செய்யும் வழியைக் கண்டுபிடித்தவர் விஞ்ஞானி இல்லை. பள்ளிக்கூடம் போகாத 12 வயது அடிமைச் சிறுவன். அவர் பெயர் எட்மண்ட்.

அவர் கண்டுபிடித்த முறையால் பலர் பணக்காரர்கள் ஆனார்கள். அவரோ வறுமையில் இறந்தார். அந்தக் கதையைப் பார்ப்போம்.

வெனிலா என்பது ஆர்க்கிட்டா?

ஆமாம். ஆர்க்கிட் குடும்பத்தில் 25 ஆயிரத்துக்கும் அதிகமான இனங்கள் இருக்கின்றன. பூங்கொத்துகளிலும் அலங்காரத் தொட்டிகளிலும் நாம் பார்ப்பவை அதில் கொஞ்சம்தான். இவ்வளவு பெரிய குடும்பத்தில், உணவுக்காக உலகம் முழுக்கப் பெரிய அளவில் பயிரிடப்படுவது வெனிலா ஒன்றுதான்.

இதன் தாய்வீடு மெக்சிகோவும் அதை ஒட்டிய மத்திய அமெரிக்கக் காடுகளும். மரங்களைப் பற்றிக்கொண்டு ஏறும் கொடி இது. மெக்சிகோவின் கிழக்குப் பகுதியில் வாழும் டோட்டோனாக் மக்கள் இதைப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அறிந்திருந்தார்கள். அவர்களிடமிருந்து அஸ்டெக் மக்களுக்குப் போனது. அவர்கள் கொக்கோ பானத்தில் மணத்துக்காக வெனிலாவைச் சேர்த்தார்கள். 16-ம் நூற்றாண்டில் ஸ்பெயின் படைகள் மெக்சிகோவைப் பிடித்த பிறகு, அந்த மணம் ஐரோப்பாவுக்குப் போய்ச் சேர்ந்தது.

ஐரோப்பியர்களுக்கு ஆசை வந்துவிட்டது. காய்களைக் காசு கொடுத்து வாங்குவதைவிட, கொடியையே கொண்டுபோய் நம்ம இடத்தில் வளர்த்தால் என்ன என்று நினைத்தார்கள். கொடியைக் கொண்டுபோனார்கள், வளர்ந்தது. பூத்தது. ஆனால் காய்க்கவில்லை.

ஏன் காய்க்கவில்லை? பூவுக்குள்ளே ஒரு தடுப்பு

இதைப் புரிந்துகொள்ள வெனிலா பூவுக்குள் கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டும்.

ஒரு பூ காயாக மாற, அதன் மகரந்தம் சூல்முடியைத் தொட வேண்டும். இதைத்தான் மகரந்தச் சேர்க்கை என்கிறோம். வெனிலா பூவில் ஆண் பாகம், பெண் பாகம் இரண்டுமே ஒரே பூவில், ஒன்றுக்கொன்று மிக அருகில் இருக்கின்றன. ஆனால் நடுவில் நாக்கு மாதிரி ஒரு மெல்லிய தடுப்பு இருக்கு. பக்கத்து வீட்டுக்காரர்கள்தான், ஆனால் இடையில் ஒரு சுவர். அந்தச் சுவரை யாராவது தூக்கிவிட்டால்தான் மகரந்தம் அந்தப் பக்கம் போகும்.

காட்டில் அந்த வேலையைச் செய்வது தேனீக்கள். பூவின் கீழ் இதழ் ஒரு குழாய் போலச் சுருண்டிருக்கும். தேனீ அதற்குள் நுழையும். பின்னால் நகர்ந்து வெளியே வரும்போது அதன் முதுகு அந்தத் தடுப்பில் உரசும். மகரந்தம் முதுகில் ஒட்டிக்கொள்ளும். அடுத்த பூவுக்குப் போகும்போது அது அங்கிருக்கும் சூல்முடியில் ஒட்டும். பூவின் வடிவமும் தேனீயின் உடம்பும் பூட்டும் சாவியும் மாதிரிப் பொருந்தினால்தான் இது நடக்கும்.

எந்தத் தேனீ என்பதிலேயே ஒரு சுவாரஸ்யம் இருக்கு. மெலிபோனா என்ற கொடுக்கில்லாத தேனீதான் வெனிலாவுக்கு உதவுகிறது என்று நீண்ட காலம் சொல்லப்பட்டது. பின்னால் வந்த ஆய்வாளர்கள் பலர், ஆர்க்கிட் தேனீ என்று அழைக்கப்படும் வேறொரு கூட்டத்தைத்தான் கைகாட்டுகிறார்கள். இவற்றில் பல, பச்சையும் நீலமுமாக உலோகம் போல மின்னும். இந்த ஆண் தேனீக்களுக்கு ஒரு விசித்திரப் பழக்கம் உண்டு. ஆர்க்கிட் பூக்களிலிருந்தும் வேறு இடங்களிலிருந்தும் வாசனைப் பொருட்களைச் சேகரித்துப் பின்னங்கால்களில் சேமித்து வைக்கும். அந்தச் சென்ட், பெண் தேனீயைக் கவரத்தான் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள்.

தேனீ இருக்கும் காட்டிலேயே கூட இது சுலபமாக நடந்துவிடாது. இயற்கையாகக் காய்க்கும் பூக்கள் நூற்றுக்கு ஒன்று என்ற அளவில்தான் இருக்கும். தேனீயே இல்லாத ஊரில்? கேட்கவே வேண்டாம். போதாக்குறைக்கு ஒவ்வொரு பூவும் காலையில் விரிந்து அன்றைக்கே வாடிவிடும். சில மணி நேரம்தான் அவகாசம்.

ஐரோப்பியர்கள் கொடியைக் கப்பல் ஏற்றினார்கள். தேனீயை விட்டுவிட்டுப் போனார்கள். விஷயம் அவ்வளவுதான். அதனால்தான் ஸ்பெயின்காரர்கள் வந்த பிறகும் 300 ஆண்டுகளுக்கு மேலாக, உலகத்துக்கு வெனிலா கொடுக்கும் இடமாக மெக்சிகோ மட்டுமே இருந்தது.

பெல்ஜியத்தில் ஒரு வெற்றி, ஆனால்...

1836-ல் பெல்ஜியத்தின் லியேஜ் நகரில் சார்லஸ் மோரன் என்ற தாவரவியலாளர் கண்ணாடிக் குடிலில் வளர்த்த வெனிலா பூக்களைக் கையால் மகரந்தச் சேர்க்கை செய்து காய்க்க வைத்தார். காய்க்காததற்குக் காரணம் பூச்சி இல்லாததுதான் என்பதையும் விளக்கினார். அடுத்த ஓரிரு ஆண்டுகளில் பாரிஸிலும் இது நடந்தது.

ஆனால் ஆய்வுக்கூடத்தில் நிதானமாகச் சில பூக்களைச் செய்வது வேறு, தோட்டத்தில் ஒரே காலைக்குள் நூற்றுக்கணக்கான பூக்களைச் செய்வது வேறு. அதற்கு ஒரு சுலபமான கைவழி தேவைப்பட்டது. அது வந்தது இந்தியப் பெருங்கடலில் இருந்த ஒரு சின்னத் தீவிலிருந்து.

அப்பா, அம்மாவைப் பார்க்காத குழந்தை

மடகாஸ்கருக்குக் கிழக்கே, மொரீஷியஸுக்குப் பக்கத்தில் இருக்கிறது ரீயூனியன் தீவு. அன்று அதன் பெயர் பூர்போன். பிரான்சின் காலனி. கரும்பும் காபியும் விளைந்த அந்தத் தீவின் தோட்டங்களில் வேலை செய்தவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் கொண்டுவரப்பட்ட அடிமைகளும் அவர்களின் பிள்ளைகளும்.

1829-ல் செயிண்ட் சுசான் என்ற ஊரில் எட்மண்ட் பிறந்தான். பிரசவத்திலேயே தாய் மெலிஸ் இறந்துவிட்டார். தந்தை பாம்ஃபிலையும் அவன் அறிந்ததில்லை. தாய் அடிமை என்பதால் குழந்தையும் பிறக்கும்போதே அடிமை. அதுதான் அன்றைய சட்டம். குடும்பப் பெயர் கூட கிடையாது. வெறும் எட்மண்ட்.

சிறு வயதிலேயே அவன் ஃபெரியோல் பெல்லியே போமோன் என்ற தோட்ட முதலாளியிடம் வந்து சேர்ந்தான். ஃபெரியோலுக்குச் செடி, கொடி என்றால் உயிர். தோட்டத்தைச் சுற்றிப் பார்க்கும்போதெல்லாம் சிறுவனையும் கூட்டிப்போவார். அவன் பள்ளிக்கூடம் போகவில்லை. தோட்டம்தான் பாடம். பூசணிக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு கொடியில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறாக இருக்கும். ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவில் தொட வைத்தால் காய் பிடிக்கும் என்பதை ஃபெரியோல் அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்.

பையன் அதை மறக்கவில்லை.

1841: தோட்டத்தில் தொங்கிய அந்தக் காய்

பூர்போன் தீவுக்கு வெனிலா கொடி வந்து அப்போது 20 ஆண்டுகள் ஆகியிருந்தன. ஃபெரியோலின் தோட்டத்திலும் ஒரு பழைய கொடி இருந்தது. வருஷா வருஷம் பூக்கும், உதிரும். பலன் இல்லை.

1841-ல் ஒருநாள் வழக்கம்போல எட்மண்டுடன் தோட்டத்தில் நடந்துகொண்டிருந்த ஃபெரியோல், அந்தக் கொடியில் பச்சைக் காய் தொங்குவதைப் பார்த்துத் திகைத்துப்போனார். தான்தான் அதைச் செய்ததாக எட்மண்ட் சொன்னான். முதலாளி நம்பவில்லை. ஏதோ தற்செயலாக நடந்திருக்கும் என்று நினைத்தார்.

சில நாட்களில் இன்னொரு காய் பிடித்தது. இப்போது அவருக்குச் சந்தேகம் வந்தது. எப்படிச் செய்தாய், காட்டு என்றார். சிறுவன் ஒரு பூவைக் கையில் பிடித்தான்.

அவன் செய்தது என்ன?

மிகச் சுலபமான வேலை அது. ஆனால் பூவை உற்றுப் பார்த்தவருக்கு மட்டுமே தோன்றும் வேலை.

முதலில், குழாய் போன்ற கீழ் இதழைக் கிழித்து விலக்க வேண்டும். உள்ளே இருக்கும் பாகங்கள் தெரியும்.

அடுத்து, மெல்லிய மூங்கில் குச்சியால் நடுவில் இருக்கும் நாக்கு போன்ற தடுப்பை மேலே தூக்க வேண்டும்.

கடைசியாக, கட்டை விரலால் மகரந்தத்தைச் சூல்முடியின் மேல் மெதுவாக அழுத்த வேண்டும். முடிந்தது.

சில நொடிகள்தான். கட்டை விரல் தேனீயாகிவிட்டது. மூங்கில் குச்சி கிடைக்காத இடத்தில் முள், ஈர்க்குச்சி எது இருந்தாலும் போதும். பெரிய கருவி வேண்டாம், படிப்பு வேண்டாம். யாருக்கும் ஒரே நாளில் சொல்லிக் கொடுத்துவிடலாம். மோரனின் முறையைத் தாண்டி எட்மண்டின் முறை உலகம் முழுக்கப் பரவியதற்குக் காரணம் இதுதான்.

செய்தி தீவு முழுக்கப் பரவியது. மற்ற தோட்ட முதலாளிகள் எட்மண்டை அனுப்பச் சொல்லிக் கேட்டார்கள். ஒவ்வொரு தோட்டமாகப் போய், அங்கிருந்த அடிமைத் தொழிலாளர்களுக்கு அவன் அந்த வித்தையைச் சொல்லிக் கொடுத்தான். ஆசிரியருக்கு வயது 12. அவனும் ஒரு அடிமை.

பணம் யாருக்குப் போனது?

1858-ல் தீவிலிருந்து சுமார் 2 டன் வெனிலா ஏற்றுமதியானது. 1898-ல் அது சுமார் 200 டன். மெக்சிகோவையே முந்திவிட்டது அந்தச் சின்னத் தீவு. அங்கிருந்து அந்த முறை மடகாஸ்கர் வரை போனது. இன்று உலகிலேயே அதிக வெனிலா விளைவிக்கும் நாடு மடகாஸ்கர். சந்தையில் பூர்போன் வெனிலா என்று விற்கப்படுவதில் இருப்பது அந்தத் தீவின் பழைய பெயர்தான்.

எட்மண்டுக்கு என்ன கிடைத்தது? காப்புரிமையா, பங்கா, சம்பளமா? எதுவும் இல்லை. அடிமை என்பவன் அன்றைய சட்டத்தின்படி ஒரு சொத்து. அவன் உழைப்பும் அவன் அறிவும் முதலாளிக்குச் சொந்தம்.

விடுதலை வந்தது, வாழ்க்கை வரவில்லை

1848-ல் பிரான்ஸ் தன் காலனிகளில் அடிமை முறையை ஒழித்தது. அந்த ஆண்டு டிசம்பர் 20-ம் தேதி ரீயூனியனில் விடுதலை அறிவிக்கப்பட்டது. 60 ஆயிரத்துக்கும் அதிகமானோர் சுதந்திர மனிதர்கள் ஆனார்கள். இன்றும் அந்தத் தீவில் டிசம்பர் 20 பொது விடுமுறை.

விடுதலையானவர்களுக்குக் குடும்பப் பெயர் கொடுத்தார்கள். எட்மண்டுக்குக் கிடைத்தது அல்பியஸ். லத்தீன் மொழியில் வெள்ளை என்று பொருள் தரும் சொல்லிலிருந்து வந்த பெயர் இது. கறுப்பின இளைஞர் ஒருவருக்கு வெள்ளை என்று பெயர்.

அடுத்த ஆண்டு பிரான்ஸ் அரசு இழப்பீடு வழங்கச் சட்டம் கொண்டுவந்தது. யாருக்கு என்று நினைக்கிறீங்க? அடிமைகளாக இருந்தவர்களுக்கு இல்லை. அடிமைகளை இழந்த முதலாளிகளுக்கு.

19 வயதில் எட்மண்ட் அல்பியஸ் தலைநகர் செயிண்ட் டெனிஸுக்குப் போனார். தோட்டக்கலையில் அவ்வளவு திறமை இருந்தும், அவருக்குக் கிடைத்தது சமையலறை எடுபிடி வேலை. அங்கே ஒரு நகைத் திருட்டு வழக்கில் சிக்கினார். குற்றவாளி என்று தீர்ப்பாகி, பல ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது.

அப்போது அவருக்காகச் சிலர் குரல் கொடுத்தார்கள். இந்தத் தீவின் புதிய செல்வத்துக்கே காரணமான மனிதர் இவர் என்று சொல்லி ஆளுநரிடம் கருணை மனு போனது. தண்டனைக் காலம் முடியும் முன்பே அவர் விடுவிக்கப்பட்டார். யோசித்துப் பாருங்க, அவர் செய்த கண்டுபிடிப்புக்கு அரசு கொடுத்த ஒரே கைம்மாறு, சிறையிலிருந்து கொஞ்சம் சீக்கிரம் வெளியே விட்டதுதான்.

கண்டுபிடிப்புக்கே உரிமை கேட்டு வந்த விஞ்ஞானி

வெனிலாவில் பணம் கொழிக்க ஆரம்பித்ததும் இன்னொரு பிரச்சினை கிளம்பியது. ரிஷார் என்ற பிரெஞ்சு தாவரவியலாளர், அந்த முறை தன்னுடையது என்றார். 1838-லேயே தீவுக்கு வந்து அதைச் செய்து காட்டியதாகவும், அப்போது எட்மண்ட் ஓரமாக நின்று பார்த்துக் கற்றிருக்க வேண்டும் என்றும் அவர் வாதாடினார். ஒரு கறுப்பினச் சிறுவன் சொந்தமாக இதை யோசித்திருப்பான் என்பதைச் சிலரால் ஏற்கவே முடியவில்லை.

எட்மண்டுக்காக எழுந்து நின்றவர் அவருடைய பழைய முதலாளி ஃபெரியோல். தீவின் வரலாற்றைத் தொகுத்துவந்தவருக்கு அவர் கடிதம் எழுதினார். ரிஷார் சொல்லிக் கொடுத்திருந்தால், இடைப்பட்ட ஆண்டுகளில் தீவில் யாருமே ஏன் அதைச் செய்யவில்லை என்பதுதான் அவருடைய கேள்வி. முதல் காயைப் பார்த்த நாளில் நடந்ததையும் விவரமாக எழுதினார். இன்று எட்மண்டின் பெயர் நமக்குத் தெரிவதற்கு அந்த எழுத்துகள் முக்கியக் காரணம்.

ஆனால் இதில் இன்னொரு பக்கமும் இருக்கு. எட்மண்டின் கதையைச் சொல்ல எட்மண்டின் வார்த்தைகள் நம்மிடம் இல்லை. அவரை அடிமையாக வைத்திருந்தவர் எழுதியதிலிருந்துதான் அவரை நாம் தெரிந்துகொள்கிறோம்.

1860-களில் தீவில் அச்சான ஒரு ஓவியத்தில் எட்மண்டைப் பார்க்கலாம். கோட்டு போட்டு, கையில் வெனிலா கொடியுடன் நிற்கிறார். பார்த்தால் வசதியான மனிதர் போலத் தெரியும். நிஜம் அப்படி இல்லை.

1880: ஆஸ்பத்திரியில் முடிந்த வாழ்க்கை

சிறையிலிருந்து வந்த பிறகு அவர் மீண்டும் செயிண்ட் சுசான் பக்கமே திரும்பினார். திருமணம் செய்தார். மனைவி அவருக்கு முன்பே இறந்துபோனார். அவருக்கு உதவித்தொகை கொடுக்க வேண்டும் என்ற கோரிக்கைக்குக் கடைசி வரை பலன் கிடைக்கவில்லை.

1880 ஆகஸ்ட் 9-ம் தேதி, செயிண்ட் சுசான் மருத்துவமனையில் எட்மண்ட் அல்பியஸ் இறந்தார். வயது 51. தீவுக்கே லாபம் சேர்த்துக் கொடுத்தவர் வறுமையில் போய்ச் சேர்ந்தார் என்று உள்ளூர் பத்திரிகை ஒன்று அந்த மாதமே செய்தி போட்டது.

இன்று செயிண்ட் சுசானில் அவருக்குச் சிலை இருக்கு. அவர் பெயரில் தெருக்களும் பள்ளியும் இருக்கு. எல்லாம் அவர் போன பிறகு வந்தவை.

நமக்கும் இதில் தொடர்பு உண்டா?

உண்டு. அடிமை முறை ஒழிந்த பிறகு, தோட்டங்களுக்கு ஆள் வேண்டும் என்று ரீயூனியன் முதலாளிகள் இந்தியா பக்கம் திரும்பினார்கள். பாண்டிச்சேரி, காரைக்கால் துறைமுகங்கள் வழியாக ஆயிரக்கணக்கான தமிழர்கள் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பல் ஏறினார்கள். அவர்களின் சந்ததியினர் இன்றும் அங்கே கோயில் கட்டி, தீமிதி நடத்தி வாழ்கிறார்கள்.

வெனிலா கொடியும் நம்ம பக்கம் வந்திருக்கு. 2000-ம் ஆண்டை ஒட்டி மடகாஸ்கரைப் புயல் தாக்கியதில் உலக விலை எகிறியது. கேரளா, கர்நாடகா விவசாயிகளும், தமிழ்நாட்டில் தென்னந்தோப்பு வைத்திருந்த சிலரும் ஆசையாக வெனிலா வைத்தார்கள். சில ஆண்டுகளில் விலை தலைகீழாகச் சரிய, பலர் கையைச் சுட்டுக்கொண்டார்கள். அந்தத் தோட்டங்களிலும் விடியற்காலையில் ஈர்க்குச்சியோடு போய் ஒவ்வொரு பூவாகத் தொட்டவர்கள், அது 1841-ல் ஒரு சிறுவன் கண்டுபிடித்த வேலை என்று அறிந்திருக்க வாய்ப்பில்லை.

தேனீ இல்லாமல் சமாளிக்க முடிந்ததா?

முடிந்தது. ஆனால் அதற்கும் ஒரு விலை இருக்கு.

தேனீ ஒரு கொடியின் மகரந்தத்தை இன்னொரு கொடிக்குக் கொண்டுபோகும். அதனால் விதைகளில் புதுப்புதுக் கலப்பு உருவாகும். கையால் செய்யும்போது ஒரு பூவின் மகரந்தத்தை அதே பூவில்தான் அழுத்துகிறோம். புதுக் கொடியையும் விதை போட்டு வளர்ப்பதில்லை, தண்டை வெட்டித்தான் நடுகிறோம். விளைவு, உலகத் தோட்டங்களில் இருக்கும் வெனிலா கொடிகளில் பெரும்பாலானவை மரபணுவில் ஒன்றுக்கொன்று நகல் மாதிரிதான். ஒரு கொடியைத் தாக்கும் வேரழுகல் நோய், பக்கத்துக் கொடியையும் அதே வேகத்தில் தாக்கும். மெக்சிகோவில் காடு அழிய அழிய, காட்டு வெனிலாவும் அதற்குத் துணையான தேனீக்களும் குறைந்துவருவது ஆய்வாளர்களைக் கவலைப்பட வைக்கிறது. நோயைத் தாங்கும் புது ரகம் வேண்டுமென்றால், அந்தக் காட்டுக் கொடிகளிடம்தான் போய்த் தேட வேண்டும்.

இன்று கடைகளில் கிடைக்கும் வெனிலா மணத்தில் பெரும்பகுதி ஆலைகளில் தயாராகும் வெனிலின் என்ற செயற்கைப் பொருள். அதை முதலில் தயாரித்தது 1874-ல் ஜெர்மானிய வேதியியலாளர்கள். நிஜ வெனிலா விலை அதிகமாக இருப்பதற்குக் காரணம் எளிது. ஒவ்வொரு பூவுக்கும் ஒரு மனிதக் கை வேண்டும். பிறகு காய் முற்றச் சுமார் 9 மாதம், அதைப் பதப்படுத்திக் காயவைக்க இன்னும் சில மாதம். பச்சைக் காயில் அந்த மணமே இருக்காது.

மடகாஸ்கரில் பூக்கும் பருவத்தில் பழகிய கை ஒரே நாளில் ஆயிரம் பூக்களுக்கு மேல் தொட்டுவிடும். இந்த வேலையைச் செய்பவர்களில் பெண்கள் அதிகம். இதழை விலக்கு, தடுப்பைத் தூக்கு, கட்டை விரலால் அழுத்து. எந்திரம் எவ்வளவோ வந்துவிட்டது. ஆனால் இந்த மூன்று அசைவுக்கு மாற்று இன்னும் வரவில்லை. ரீயூனியன் தீவில் இந்த வேலையை இன்றும் எட்மண்டின் பெயர் சொல்லித்தான் அழைக்கிறார்கள்.

அடுத்த முறை வெனிலா ஐஸ்கிரீம் வாங்கும்போது, அந்தப் பெயரை ஒரு தடவை நினைச்சுக்கோங்க.